மௌன வசந்தம்

அமெரிக்கக் கடலுயிரியலாளர் ரேச்சல் கார்சன் (1907–1964) எழுதி, 1962 செப்டம்பர் 27 அன்று ‘சைலன்ட் ஸ்பிரிங்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல். டி.டி.டி. முதலான பூச்சிக்கொல்லிகளை வரம்பின்றித் தெளிப்பதால் மண்ணுக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் நேரும் கேட்டை அறிவியல் வட்டத்துக்கு வெளியே, சாதாரண வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்த நூல் இது.

டி.டி.டி. 1874-இலேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அது பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் கண்டறிந்தவர் சுவிட்சர்லாந்தின் பால் ஹெர்மன் முல்லர். இரண்டாம் உலகப் போரின்போது நேப்பிள்ஸ் நகரில் பேன்களால் பரவிய டைஃபஸ் காய்ச்சலை அடக்க அது கைகொடுத்தது. முல்லருக்கு 1948-இல் மருத்துவ நோபல் பரிசும் கிடைத்தது. இத்தனை உயிர்களைக் காத்த மருந்தின்மீது மக்கள் நம்பிக்கை வைத்ததில் வியப்பில்லை. 1945-இல் அது பொதுச் சந்தைக்கு வந்தது. பிறகு வயல், காடு, குடியிருப்பு என எங்கும் விமானத்திலிருந்துகூடத் தெளிக்கப்பட்டது.

அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குத் துறையில் பணியாற்றிய கார்சன், டி.டி.டி. பற்றிய ஆய்வுகளைக் குறித்து எழுத 1945-இலேயே ஒரு பிரபல மாத இதழிடம் கேட்டார், இதழ் மறுத்துவிட்டது. 1958 தொடக்கத்தில் மாசச்சூசெட்ஸிலிருந்து ஒரு தோழி எழுதினார்: கொசு மருந்து தெளித்தபின் தம் இடத்தில் பறவைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன என்று. அதன்பின் நான்கு ஆண்டுகள் கார்சன் இந்த நூலிலேயே மூழ்கினார். இடையில் மார்பகப் புற்றுநோய் கண்டது. அதை வெளியில் சொல்லாமலே எழுதி முடித்தார்.

நஞ்சு ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு எப்படிப் போகிறது என்று படிப்படியாகக் காட்டியதில்தான் நூலின் வலிமை இருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களைத் தாக்கிய நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்ல 1954 முதல் டி.டி.டி. தெளித்தார்கள். மருந்து படிந்த இலைகள் உதிர்ந்தன. அவற்றை மண்புழுக்கள் தின்றன. அடுத்த வசந்தத்தில் திரும்பி வந்த ராபின் பறவைகள் அந்தப் புழுக்களைக் கொத்தித் தின்று, உடல் நடுங்கி, வலிப்பு வந்து செத்தன. இத்தகைய பெரிய புழுக்கள் 11 தின்றாலே ஒரு பறவைக்குச் சாவு நேரலாம் என்கிறது நூல்.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு போன்ற சிறு பூச்சிகளை ஒழிக்க டி.டி.டி.யை ஒத்த மருந்தொன்றை நீரில் கலந்தார்கள். 1954-இல் கலந்த அளவு 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்குதான். மிதவை உயிரிகளிலும் அவற்றைத் தின்ற மீன்களிலும் அது சேர்ந்துகொண்டே போய், மீன் தின்ற முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் 10 லட்சத்துக்கு 1,600 பங்காக நின்றது. நீரில் இருந்ததைப் போல் 80,000 மடங்கு!

நூல் வெளிவருமுன்பே, 1962 ஜூனில், ‘நியூயார்க்கர்’ இதழில் தொடராக வந்து பரபரப்பை ஏற்படுத்தியது. வேதிப்பொருள் நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. ஒரு நிறுவனம் வழக்குப் போடுவோம் என்று பதிப்பகத்தை மிரட்டியது. கார்சனை உணர்ச்சிவசப்பட்ட பெண் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. அவர் தந்த சான்றுகளுக்கு அது பதிலாகாது. 1963 மே மாதம் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை, கார்சனின் கருத்துகளுக்குப் பெரிதும் வலுசேர்த்தது. அடுத்த மாதம், நோய் முற்றிய நிலையிலும், அவர் செனட் குழுமுன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று, தம் 56-ஆவது வயதில் இறந்தார்.

1970-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. 1972-இல் அது பயிர்களுக்கு டி.டி.டி. பயன்படுத்தத் தடை விதித்தது. டி.டி.டி.யால் முட்டை ஓடு மெலிந்து அழிவின் விளிம்புக்குப் போன வெண்தலைக் கழுகு பெருகி, 2007-இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது.

கொசுவைக் கொல்லும் டி.டி.டி.யைத் தடுக்கவைத்த கார்சனால்தான் மலேரியாவுக்கு மக்கள் பலியானார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் எழுகிறது. அது நியாயமன்று. பூச்சிக்கொல்லியே கூடாது என்பது தம் வாதமல்ல என்று அவர் நூலிலேயே எழுதியிருக்கிறார். கண்டபடி தெளித்தால் கொசுக்கள் மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்றும் எச்சரித்திருக்கிறார். 1972-இன் தடை பொதுச் சுகாதாரப் பயன்பாட்டுக்கு விலக்கு அளித்தது. 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் நோய் பரப்பும் கொசுக்களை ஒழிக்க டி.டி.டி.யை அனுமதிக்கிறது.