இன்னொரு நிரல்தானே

படிவம் தயாரிக்கிற மேசையில் "இன்னொரு நிரல்தானே, போட்டுவிடுவம்" எண்டு சொல்வது லேசு. அந்த நிரலின் விலையைப் பார்க்க 1880ஆம் ஆண்டின் ஐக்கிய அமெரிக்காவுக்குப் போவோம்.

1790இல் நடந்த அந்நாட்டின் முதல் குடிசனக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அடிமைகள் அதில் ஒரு வகை. 1850இலிருந்து சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை கிடைத்தது. அடிமைகளுக்கு வேறு படிவம், பெரும்பாலும் பெயரில்லாமல். 1880இல் மணநிலை, தாய் தகப்பன் பிறந்த இடம் என்று நிரல்கள் நீண்டன. சனத்தொகையும் 5 கோடியைத் தாண்டியிருந்தது.

ஒரு நிரல் கூடினால் வேலையும் ஒரு பங்குதான் கூடும் எண்டு நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஆண், பெண் 2 பெட்டி. மணநிலை 4 வகையென்றால் 8. வயது 10 பிரிவென்றால் 80. உள்நாட்டில் பிறந்தவரா, வெளிநாட்டிலா என்று கேட்டால் 160. எழுதுவினைஞர்கள் இதையெல்லாம் கையால் கோடு போட்டு எண்ணினார்கள். புதிதாக ஒரு அட்டவணை வேண்டுமென்றால் அதே தாள்களைத் திரும்பப் புரட்ட வேண்டும். முடிய ஏறத்தாழ 8 வருடம் போனது. அடுத்த கணக்கெடுப்பு வாசலில் வந்து நின்றது.

1880 கணக்கெடுப்பில் வேலை செய்த ஹேர்மன் ஹொலரித் என்ற இளைஞர் ஒரு வழி கண்டார். ஆளுக்கு ஓர் அட்டை, பதிலுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை வழியே ஊசி இறங்கி இரசத்தைத் தொட்டால் மின்சுற்று பூர்த்தியாகி எண்முகம் ஒன்று நகரும். 1889இல் நடந்த போட்டியில் செயின்ட் லூயிஸ் நகரின் 10,491 பேரின் விபரங்களைக் கொடுத்தார்கள். அட்டவணையாக்க ஹொலரித்தின் முறைக்கு ஐந்தரை மணித்தியாலம். மற்ற இரண்டு முறைகளுக்கும் 44க்கு மேல், 55க்கு மேல்.

எல்லோரும் சொல்லும் வெற்றிக் கதை இதுதான். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதே போட்டியின் இன்னொரு எண்: அட்டைகளில் ஓட்டை போட மட்டும் 72 மணித்தியாலத்துக்கு மேல். எண்ணும் பாரம் இயந்திரத்துக்குப் போனது. ஒவ்வொரு கேள்வியும் மனிதக் கையில்தான் மிஞ்சியது.

1890 முடியுமுன்பே மொத்தம் வந்துவிட்டது: 6 கோடி 26 இலட்சத்துச் சொச்சம். ஆனால் அந்தப் படிவம் என்ன கேட்டது தெரியுமா? கறுப்பு வம்சாவளியினரை நான்காகப் பிரிக்கச் சொன்னது. முக்கால் பங்கு கறுப்பு இரத்தமா, பாதியளவா, கால்வாசியா, எட்டிலொன்றா! வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் இதை எப்படி அறிவார்? கண்ணால் பார்த்து எழுதினால் அதுவே தரவு. தப்பான பதிலுக்கும் அட்டையில் ஓட்டை அதே வேகத்தில் விழும்.

அட்டைகளில் பெயர் இல்லை. பெயர்கள் தாள் படிவங்களில்தான் இருந்தன. 1921 ஜனவரியில் வொஷிங்டனில் வர்த்தகத் திணைக்களக் கட்டடத்தில் பிடித்த தீயில் அவற்றில் பெரும்பகுதி எரிந்தும் நனைந்தும் போனது. மிச்சத்தை 1930களில் அரசே அழித்தது. தப்பியவை 6,160 பெயர்கள். விடுதலையான அடிமைகள் முதன்முதலில் எல்லோரையும் போலப் பெயரோடு பதியப்பட்டது 1870இல். அவர்களுடைய வழித்தோன்றல்கள் குடும்ப மரம் தேடும்போது 1880இலிருந்து நேரே 1900த்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது.