மான் துப்பாக்கியின் எடை

மான் வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு பெரும்பாலும் அதன் எடை குறைந்த வரலாறுதான். அந்த எடையை வேட்டைக்காரனின் விருப்பம் தீர்மானித்தது குறைவு. மருந்தும் சட்டமும் தீர்மானித்ததே அதிகம். கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள மங்களூர் ஒன்றியத்தை வைத்தே இதைச் சொல்லலாம். (கர்நாடகக் கடற்கரை மங்களூருக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டுறவு கிடையாது.) பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கும் பெரம்பலூருக்கும் நடுவே பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிப் பூமி இது. பக்கத்தில் வேப்பூர்க் காப்புக்காடுகளில் புள்ளிமான் உண்டு. துரைமார் கூடாரமடித்து வேட்டையாடிய மலைச்சாரல் அல்ல. முள்ளும் புதரும் மண்டிய சமவெளி. இங்கே வேட்டை என்றால் நாட்டுத் துப்பாக்கிதான்.

நாட்டுத் துப்பாக்கிக்கு முந்தியது திரித் துப்பாக்கி. கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரி வந்து தொட்டால் மருந்து பற்றும். பதினெட்டாம் நூற்றாண்டில் உடையார்பாளையம், அரியலூர் போன்ற பாளையங்களின் காவல்காரர்கள் கையில் இருந்தது இதுவே. மழையில் திரி அணைந்துவிடும்; இருட்டில் அதன் கங்கும் வாடையும் மானுக்கு முன்கூட்டியே சேதி சொல்லிவிடும். 1801இல் தென்பாளையங்களை அடக்கிய கும்பினி அரசு அங்கே ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை போட்டது. ஊரார் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்ற கேள்வி அன்றே அரசாங்கத்தின் கேள்வியாகிவிட்டது.

அக்காலத் துப்பாக்கி கனமாக இருந்ததற்குக் காரணம் கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த அந்த மருந்தால் குண்டை ஓரளவு வேகத்துக்கு மேல் தள்ள முடியாது. வேகம் கூடாதபோது அடி பலமாக விழ வேண்டுமானால் குண்டு பெரிதாக வேண்டும். குண்டு பெரிதானால் மருந்து கூடும். மருந்து கூடினால் குழல் தடிக்கும். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை தேறும் என்பதே ‘போர்’ என்ற கணக்கு. 12 போர் என்றால் பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 4 போர் என்றால் கால் பவுண்டு. இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் பட்டறையில் 1840இல் செய்வித்த துப்பாக்கி 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ. ஒரு வெடிக்கு ஏறக்குறைய 28 கிராம் மருந்து. யானைக்காகச் செய்தது அது. பேக்கர் அப்போது இருபது வயதைக்கூட எட்டாத வாலிபர். அறுபது வயது வேட்டைக்காரர் தூக்கி நடக்கிற சாமான் அல்ல அது.

சமவெளி வேட்டைக்காரன் இந்தக் கணக்கை வேறு வழியில் தீர்த்துக்கொண்டான். நாட்டுத் துப்பாக்கி நீண்ட ஒற்றைக் குழலும் மெலிந்த கட்டையும் கொண்டது. மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ அடைத்து, இரும்புக் கம்பியால் இடித்து, மேலே ஈய ரவையைப் போட்டு, அது உருண்டு விழாதபடி இன்னொரு அடைப்பும் வைக்க வேண்டும். இப்படி நிரப்புவதைக் கெட்டிப்பது என்பார்கள். பிறகு பின்புறக் குமிழில், அடித்தால் பொறி தரும் கேப்பு ஒன்றைச் செருகிக் குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் துப்பாக்கி தயார். ஒரு வெடி தவறினால் அடுத்த வெடிக்குள் மான் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். காடை, கவுதாரி, கொக்கு, முயல் என்று சிறு உயிர்களைத் தேடிய நரிக்குறவர்களுக்கு மருந்தும் ரவையும் குறைவாகவே தேவைப்பட்டன. அதனால் மெலிந்த துப்பாக்கியே போதும். குருவிக்காரர் என்ற அவர்களின் மற்றொரு பெயரே இதைச் சொல்லும். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் அவர்களின் குடியிருப்பு இன்றும் இருக்கிறது.

மானுக்கு இந்த மெலிந்த துப்பாக்கி உகந்ததா என்றால், அருகில் போனால் மட்டுமே. ரவை சிதறும். தூரம் கூடினால் மான் சாகாது, காயத்தோடு ஓடும். ஆகவே துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவுக்கு வேட்டைக்காரன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு இது ஒருவகையில் சாதகம். கூட்டு வேட்டையில் காடு கலைப்பது இளவட்டங்களின் வேலை. தண்ணீர்த் தடத்திலோ மறைவிலோ உட்கார்ந்து காத்திருப்பது மூத்தவரின் வேலை.

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு இருந்தது. அடுத்த ஆண்டே நீலகிரியில் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு அடிபோட்டது 1877இல் அங்கே வேட்டைக்கார துரைமார் அமைத்த சங்கம். மலையில் கடமான் சுட உரிமமும் பருவமும். சமவெளியில் நாட்டுத் துப்பாக்கிக்கே உரிமம். ஒரே மாகாணத்துக்குள் வேட்டை இரு சாதியானது இப்படித்தான்.

உண்மையான மாற்றம் 1880களில் பிரான்ஸில் வந்த புகையில்லா மருந்தால் நேர்ந்தது. குண்டின் வேகம் வெகுவாகக் கூடியதால் குண்டு சிறுத்தது. கூடவே குழலும் கட்டையும் சிறுத்தன. ஜெர்மனியில் மவுசர் 1892இல் உருவாக்கிய 7 மில்லிமீட்டர் தோட்டா வெறும் ஒன்பது முதல் பதினொரு கிராம் வரையிலான குண்டைத்தான் தள்ளும்; ஆனால் மானுக்கு அது தாராளம். லண்டனின் ரிக்பி நிறுவனம் இதையே .275 என்ற பெயரில் விற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது இந்த ரகம். சிறுவயதில் அவர் பழகியது, ஒரு குழல் பிளந்து பித்தளைக் கம்பியால் இறுகக் கட்டிய வாய்வழித் துப்பாக்கியில்! 1930 ஏப்ரலில் சௌகட் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டபோது கார்பெட்டுக்கு 54 வயது. இடது கையில் இரண்டு பறவை முட்டைகள், வலது கையில் .275. புலி சில அடி தூரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. துப்பாக்கியை ஒற்றைக் கையாலேயே மெல்லத் திருப்பிச் சுட்டார். அவரிடம் இருந்த கனத்த இரட்டைக்குழல் ரைபிளாக இருந்திருந்தால் முடிகிற காரியமா?

இலேசான துப்பாக்கிக்கு ஒரு விலை உண்டு: அது உதைக்கும். அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் தோளில் இறங்கும் உதையின் ஆற்றல் இருமடங்காகும். தோள்பட்டை தேய்ந்தவர் எடையைக் குறைத்தால் தோட்டாவையும் சிறிதாக்கியாக வேண்டும். பெரிய தோட்டாவுக்கு இலேசான துப்பாக்கி வாங்குவது காசு கொடுத்து வலி வாங்குவது. எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் கனத்த குழல் நடக்கும்போது கையை இழுக்கும். சுடும்போது ஆடாமல் நிற்கும். மிக இலேசான துப்பாக்கி நடுங்கும் கையின் நடுக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பிறகு கண். வெள்ளெழுத்து வந்தவருக்குப் பின்குறியின் பிளவு மங்கும். பின்குறி, முன்குறி, மான் மூன்றையும் ஒருசேரக் காண முடியாது. முன்னால் ஒரு குமிழ் மட்டும் இருந்த நாட்டுத் துப்பாக்கியில் இந்தத் தொல்லை பாதிதான். தொலைநோக்கி பொருத்திய ரைபிள் இதைத் தீர்த்தது. கழித்த எடையில் ஒரு பங்கு அதனாலேயே திரும்பி வந்தது.

இந்தியாவில் இந்தத் தேர்வெல்லாம் சிலருக்கே வாய்த்தது. ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் .315 என்ற ரகம் இந்திய வேட்டை ரைபிளாக நிலைத்தது. சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். மானாவாரி விவசாயிக்கு எட்டியது வாய்வழித் துப்பாக்கிதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெயர் சொல்லி உரிமம் தரச் சொல்வதும் அதற்குத்தான். காவல்துறைப் பதிவேட்டில் அதன் பெயர் எஸ்.பி.எம்.எல்., அதாவது ஒற்றைக்குழல் வாய்வழித் துப்பாக்கி.

1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானை மூன்றாம் பட்டியலில் வைத்தது. உரிமத்தோடு சுட அப்போது வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. நரிக்குறவர்கள் பாசிமணிக்கு மாறினார்கள். 2023 தொடக்கத்தில் சட்டப்படி பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தார்கள். மக்காச்சோளக் காட்டை உழுதுபோடும் காட்டுப்பன்றியைக்கூட, 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த நெறிமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர்தான் சுடலாம். விவசாயி சுடக் கூடாது. எஞ்சியிருக்கும் உரிமத் துப்பாக்கிகள் தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் வீடு திரும்புகின்றன.