நாக்ஸ், ஹென்றி (1750–1806)

அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் பீரங்கிப் படைத் தலைவர். பாஸ்டனில் பிறந்தார். தந்தையை இழந்ததால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுப் புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1771இல் சொந்தக் கடை திறந்தார். பீரங்கிப் போர்முறையைப் பெரும்பாலும் நூல்களைப் படித்தே கற்றார்.

1775 டிசம்பரில் டைகாண்டரோகா கோட்டையிலிருந்து சுமார் 60 டன் எடையுள்ள பீரங்கிகளுடன் பாஸ்டனுக்குப் புறப்பட்டார். ஏரியில் படகு, பிறகு, மாடும் குதிரையும் இழுத்த பனிச்சறுக்கு வண்டிகள். உறைந்த ஹட்சன் ஆற்றில் பனிக்கட்டி உடைந்து மூழ்கிய பீரங்கியைக்கூட விடாமல் மீட்டார்கள். அந்தப் போரின் மிகத் துணிச்சலான பயணங்களுள் இதற்கே முதலிடம் தர வேண்டும். 1776 மார்ச்சில் டார்செஸ்டர் குன்றுகளில் பீரங்கிகள் நிறுத்தப்பட்டதும், பிரிட்டிஷ் படை 17ஆம் தேதி பாஸ்டனைக் காலி செய்தது.

பின்னர் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். 1789இல் வாஷிங்டன் அமைச்சரவையில் முதல் போர்த்துறைச் செயலரானார். கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸ் ராணுவத் தளம் இவர் பெயரால் அமைந்தது.