ஓடாத சைக்கிளில் ஒரு பந்தயம்

ஒரு சைக்கிள் பந்தயத்தில் முதலில் வந்தது யார் என்று எப்படித் தெரிந்து கொள்வது? இது என்ன கேள்வி, கோட்டை முதலில் தாண்டியவர்தான்! சந்தேகம் வந்தால் புகைப்படம் எடுத்துப் பார்த்தால் முடிந்தது.

சரி, கோடே இல்லாவிட்டால்? சாலையும் இல்லை, சைக்கிளும் நகரவில்லை. ஒருவர் லண்டனில் தன் வீட்டு அறையில் மிதிக்கிறார், இன்னொருவர் சிட்னியில் தன் வீட்டில் மிதிக்கிறார். இருவரின் பொம்மை உருவங்களும் கணினித் திரையில் ஒரே மலையில் ஏறுகின்றன. இங்கே நடுவர் பார்ப்பது சக்கரத்தை அல்ல, வீரரின் வீட்டிலிருந்து வந்து சேரும் எண்களை. அந்த எண்கள் உண்மையா என்பதுதான் இந்த விளையாட்டின் மொத்த வரலாறும்.

நாடக மேடையில் சைக்கிள்

வீட்டுக்குள் சைக்கிள் பந்தயம் என்பது கணினி வந்த பிறகு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே அமெரிக்காவில் இது பொழுதுபோக்கு நிகழ்ச்சியாக நடந்திருக்கிறது. உருளைகள் மீது சைக்கிளை நிறுத்தி, வீரர்கள் நாடக மேடையிலேயே மிதிப்பார்கள். உருளையோடு இணைத்த பெரிய முகப்பில் முள் சுற்றும். யார் எவ்வளவு தூரம் "போனார்" என்பதை மக்கள் அதைப் பார்த்துத் தெரிந்து கொண்டு கைதட்டுவார்கள்.

அப்படி மேடையேறியவர்களில் ஒருவர் மேஜர் டெய்லர். 1899இல் மான்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆன கறுப்பின வீரர். அவரோடு போட்டியிட்டவர் சார்லஸ் மர்பி. இவர் 1899இல் ஒரு ரயிலுக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டி, ஒரு மைல் தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்து புகழ் பெற்றவர்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உண்மையான ஓடுதளத்தில் டெய்லரை வெள்ளை வீரர்கள் பலர் கூட்டுச் சேர்ந்து வழி மறித்தார்கள், இடித்தார்கள், கீழே தள்ளினார்கள். மேடையில் உருளை மீது நிற்கும் சைக்கிளை யாராலும் இடிக்க முடியாது. பந்தயத்தைச் சாலையிலிருந்து உள்ளே கொண்டு வந்தால் சில அநியாயங்கள் தானாகவே மறைந்து விடும் என்பதற்கு இது பழைய சாட்சி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு உருளைகளும் ஒரே மாதிரி சுழல வேண்டும், முள்ளும் பொய் சொல்லக் கூடாது. ஒரே மேடையில், எல்லோர் கண் முன்னாலும் நடந்ததால் அன்று அது பெரிய கேள்வியாக எழவில்லை.

வாட் என்ற அளவுகோல்

உருளை காட்டுவது வேகத்தை. ஆனால் வேகம் என்பது டயரில் உள்ள காற்று, உருளையின் உராய்வு என்று பலவற்றைப் பொறுத்தது. வீரரின் கால் எவ்வளவு உழைக்கிறது என்பதை நேரடியாக அளக்க வேண்டுமானால் திறனை அளக்க வேண்டும். அதன் அலகு நமக்கெல்லாம் பல்பில் பழக்கமான வாட்.

1986இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபெரர், பெடலைத் தாங்கும் கிராங்க் பகுதியிலேயே உணரிகளைப் பதித்து எஸ்.ஆர்.எம். என்ற பவர் மீட்டரை உருவாக்கினார். உலோகம் அழுத்தத்தில் மிக மிக நுண்ணிய அளவு வளையும். அந்த வளைவை மின் அளவாக மாற்றி, அதோடு சுழலும் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால் வாட் கிடைத்து விடும். பயிற்சியாளர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ரேசர்மேட் நிறுவனம், கம்ப்யூட்ரெய்னர் என்ற கருவியைக் கொண்டு வந்தது. பின்சக்கரத்தில் தடையைக் கூட்டிக் குறைத்து மேடு பள்ளத்தை உணர வைக்கும் கருவி இது. நின்டென்டோ வீடியோ கேம் பெட்டியோடு இணைத்துத் திரையில் பந்தயம் ஓட்டும் வசதியும் வந்தது! பின்னாளில் பல நகரங்களில் ஒரே கூடத்தில் பல கம்ப்யூட்ரெய்னர்களை வரிசையாக வைத்துப் போட்டி நடத்தினார்கள். அங்கே கருவிகளைச் சரிபார்த்து வைக்க ஓர் ஆள் இருந்தார். எடை குறைத்துச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரே சிரித்து விடுவார்.

இணையம் வந்தது, சந்தேகமும் வந்தது

2014இல் ஸ்விஃப்ட் வந்தது. (மாருதி காரை நினைத்துக் கொள்ள வேண்டாம்!) கலிபோர்னியாவின் லாங் பீச் நகரிலிருந்து இயங்கும் இந்த நிறுவனம், உலகம் முழுவதும் வீடுகளில் மிதிப்பவர்களை ஒரே கற்பனைத் தீவில் கொண்டு வந்து சேர்த்தது. பழகுவதற்கும் பயிற்சிக்கும் தொடங்கியது சீக்கிரமே பந்தயமாக மாறியது.

இங்கேதான் சிக்கல். திரையில் பொம்மை எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று மென்பொருள் கணக்கிட முக்கியமாக மூன்று விவரங்கள் தேவை. வாட், எடை, உயரம். வாட் கருவியிலிருந்து வருகிறது. எடையும் உயரமும் வீரரே தட்டச்சு செய்து கொடுப்பவை!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 350 வாட் கொடுத்தால், கிலோவுக்கு 5 வாட். அவரே தன் எடையை 66 கிலோ என்று போட்டால் கிலோவுக்கு 5.3 வாட் ஆகி விடும். மலையேற்றத்தில் இந்த விகிதம்தான் முடிவு செய்யும். ஒரு சொட்டு வியர்வை கூட அதிகமாகச் சிந்தாமல், விசைப்பலகையில் இரண்டு எண்களை மாற்றி மலையில் முந்தி விடலாம். ஊக்க மருந்தோடு ஒப்பிட்டு இதற்கு "எடை டோப்பிங்" என்றே பெயர் வைத்து விட்டார்கள்.

ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்களும் பிழையில் மாட்டுவார்கள். ஒரு கருவி 2 சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டலாம் என்று வைத்துக் கொள்வோம். 350 வாட்டில் அது 7 வாட். ஒருவரின் கருவி 7 வாட் கூட்டியும் இன்னொருவரின் கருவி 7 வாட் குறைத்தும் காட்டினால், சம பலமுள்ள இருவருக்கிடையே 14 வாட் வித்தியாசம். இருவருமே நேர்மையானவர்கள். ஆனால் போட்டி நேர்மையாக நடக்கவில்லை. பின்சக்கரத்தை உருளையில் அழுத்தும் மலிவான கருவிகளில் பிழை இன்னும் அதிகம், ஏனென்றால் டயர் சூடானால்கூட அளவு மாறும். வசதி உள்ளவர் துல்லியமான கருவியை வாங்குகிறார், இல்லாதவர் வாங்குவதில்லை. துல்லியத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது இந்த விளையாட்டில் பலரும் பேசாத அநியாயம்.

இதைத் தவிர இன்னொரு தந்திரமும் இருந்தது. கிலோவுக்கு எத்தனை வாட் என்பதை வைத்து ஏ, பி, சி, டி என்று வகுப்புகள் பிரித்திருந்தார்கள். மேல் வகுப்பில் ஓட வேண்டியவர் வேண்டுமென்றே கீழ் வகுப்பில் சேர்ந்து வெற்றி பெறுவார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்குவது போல!

2019: ஒரு சாம்பியன் பட்டம் பறிபோனது

2019 மார்ச்சில் பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பு முதல் தேசிய மின்பந்தயச் சாம்பியன் போட்டியை லண்டனில் ஒரு தொலைக்காட்சி அரங்கில் நடத்தியது. இறுதிப் போட்டியாளர்கள் ஒரே இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் மிதித்தார்கள். ஆண்கள் பிரிவில் கேமரன் ஜெஃபர்ஸ் வென்றார்.

அக்டோபரில் பட்டம் பறிக்கப்பட்டது. 6 மாதத் தடை, 250 பவுண்டு அபராதம். அவர் போட்டியன்று வாட் எண்ணை மாற்றவில்லை. பிரச்சினை அவருடைய பொம்மை ஓட்டிய சைக்கிளில் இருந்தது. ஸ்விஃப்ட்டில் "டிரான்" என்று செல்லப் பெயர் பெற்ற ஒரு சைக்கிள் உண்டு. அதைப் பெற வேண்டுமானால் விளையாட்டுக்குள் மொத்தம் 50,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். எவரெஸ்ட் சிகரத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்! அந்த உயரத்தை அவர் மிதித்து ஏறவில்லை. மனிதரால் முடியாத அளவுக்கு வாட் தரும் ஒரு கணினி நிரல் அவருடைய கணக்கில் ஏறியது. பின்னர் அவரே இதை ஒப்புக்கொண்டார்.

கண் முன்னால் நடந்த போட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத ஏமாற்று நுழைய முடியும் என்று இந்தச் சம்பவம் காட்டியது. உண்மையான சைக்கிளை நடுவர் தராசில் நிறுத்திப் பார்க்கலாம். டிரான் சைக்கிளோ வெறும் தரவு. அது எப்படி வந்தது என்ற வரலாற்றைத்தான் சோதிக்க முடியும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் பிராட் டிக்சன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் இன்னொரு ஓட்டையைக் காட்டினார். பயிற்சிக் கருவிக்கும் கணினிக்கும் நடுவே செல்லும் தகவலை இடைமறித்து, வீடியோ கேம் விளையாடும் கைக்கருவியாலேயே பொம்மையை ஓட்டிக் காட்டினார். கால்களுக்கு வேலையே இல்லை!

சோதனைக்கு மேல் சோதனை

இதற்குப் பதிலாக வந்த விதிகள் ஒவ்வொன்றும் ஒரு பழைய ஏமாற்றின் தழும்பு எனலாம். எடையைப் பொய்யாகப் போட்டார்கள், அதனால் தராசில் ஏறி நிற்பதை வீடியோ எடுத்து அனுப்பும் விதி வந்தது. ஒரு கருவியை நம்ப முடியவில்லை, அதனால் பயிற்சிக் கருவியோடு தனியாக ஒரு பவர் மீட்டரிலும் பதிவு செய்து இரண்டையும் கொடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டு கருவிகளும் ஏறத்தாழ ஒத்துப் போக வேண்டும். அச்சு அசலாக ஒத்துப் போனால் அதுவும் சந்தேகம்தான், ஏனென்றால் தனித்தனி உணரிகள் ஒருபோதும் அப்படிப் பேசுவதில்லை.

2020 நவம்பரில் மேல்மட்டப் போட்டிகளில் ஓடிய இரண்டு வீராங்கனைகளுக்கு ஸ்விஃப்ட் தலா 6 மாதத் தடை விதித்தது. சரிபார்ப்புக்காகக் கொடுத்த பதிவுக் கோப்புகளில் திருத்தம் செய்யப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. சாட்சியாகக் கேட்ட பதிவிலேயே கை வைத்தால் யாரை நம்புவது?

2020 டிசம்பர் 9 அன்று சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பின் முதல் மின்பந்தய உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. கொரோனா காலம், எல்லோரும் அவரவர் இடத்திலிருந்தே ஓடினார்கள். அனைவருக்கும் ஒரே வகைப் பயிற்சிக் கருவி அனுப்பி வைக்கப்பட்டது. ஆண்களில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்னும், பெண்களில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும் வென்றார்கள். ஆஸ்போர்ன் ஒரு படகோட்டி. அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். சாலைப் பந்தய அனுபவம் குறைந்தவருக்கும் இங்கே கதவு திறந்திருந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஜெய் வைன், ஸ்விஃப்ட் நடத்திய தேர்வில் வென்று தொழில்முறை அணியில் இடம் பிடித்தார். 2022இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் இரண்டு கட்டங்களை வென்று, அந்த வாட் எண்கள் உண்மைதான் என்று மலை மீதே காட்டினார்.

எனவே இது வெறும் கேம் அல்ல. ஓர் எண் சரியாக இருந்தால் ஒருவருக்கு வாழ்க்கை கிடைக்கிறது. தவறாக இருந்தால் இன்னொருவர் வாழ்க்கை பறிபோகிறது.

உண்மை சொன்னவருக்குத் தண்டனை

2022 பிப்ரவரியில் ஒரு விநோதம் நடந்தது. பந்தயத்தின் நடுவிலேயே எடையை மாற்றிக் கொள்ள முடியும், அதாவது ஏறும்போது ஒல்லியாகவும் இறங்கும்போது குண்டாகவும் ஆகலாம் என்று ஒரு பயனர் கண்டுபிடித்து வெளியிட்டார். ஸ்விஃப்ட் ஓட்டையை விட்டு விட்டு, சொன்னவருக்கு 30 நாள் தடை போட்டது! பயனர்கள் கொதித்து எழுந்த பிறகு தடை நீக்கப்பட்டது.

இந்தச் சம்பவம் சிறியதுதான். ஆனால் ஒரு பெரிய உண்மையைக் காட்டுகிறது. சாலைப் பந்தயத்தில் சாலை யாருக்கும் சொந்தமில்லை. இங்கே சாலையும், சைக்கிளும், காற்றும், கடிகாரமும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். வீரர்களின் நேர்மையைச் சோதிக்க ஆயிரம் விதிகள் உண்டு. நிறுவனத்தின் கணக்கை வெளியிலிருந்து சோதிப்பது யார்?

மறுபடியும் மேடைக்கு

2024இல் உலகச் சாம்பியன் போட்டி மைவூஷ் என்ற வேறொரு தளத்துக்கு மாறியது. அக்டோபர் 26 அன்று இறுதிச் சுற்று அபுதாபியில், வீரர்களை நேரில் வரவழைத்து ஒரே அரங்கில் நடத்தப்பட்டது. ஆஸ்போர்ன் மீண்டும் சாம்பியன். பெண்களில் நியூசிலாந்தின் மேரி கேட் மெக்கார்த்தி.

வேடிக்கையைப் பாருங்கள். உலகத்தையே வீட்டுக்குள் கொண்டு வந்த விளையாட்டு, நம்பிக்கை என்று வந்ததும் வீரர்களை விமானத்தில் ஏற்றி ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்தது. மேஜர் டெய்லர் மிதித்த அந்த மேடைக்கே திரும்பி விட்டது!

ஆனால் அபுதாபிக்குப் போக முடிந்தவர்கள் மிகச் சிலர். மற்ற லட்சக்கணக்கானவர்கள் இன்றும் தங்கள் அறையில்தான் மிதிக்கிறார்கள். அவர்களுக்கு வீடியோ நடுவரும் இல்லை, இரண்டாவது பவர் மீட்டரும் இல்லை. எடை எவ்வளவு என்று கேட்கும் ஒரு சிறிய கட்டம் மட்டும் திரையில் இருக்கிறது. அதில் தன் உண்மையான எடையை எழுதுவதா, நான்கு கிலோ குறைத்து எழுதுவதா என்று முடிவு செய்யும்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

பந்தயம் உண்மையில் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான்.