ஆற்றில் எறியப்பட்ட சொனாட்டா

கறுப்பு வெள்ளைக் கட்டைகள் – 17

1924-ம் ஆண்டு. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. இசையமைப்பாளர் லேயோஷ் யானாச்செக்கின் 70 வயது நிறைவை அந்நாட்டு இசை உலகம் விழா எடுத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து லுட்மிலா துச்கோவா என்ற பியானோ கலைஞர் ஒரு சேதியை வெளியிட்டார். 18 ஆண்டுகளுக்கு முன்பு யானாச்செக் தன் கையாலேயே ஒழித்துக்கட்டிய பியானோ சொனாட்டா உண்மையில் ஒழியவில்லை; அதன் படி ஒன்று தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார்.

அந்த சொனாட்டாவுக்குப் பெயரே ஒரு தேதிதான்: ‘1905 அக்டோபர் 1’. முதலில் வைத்த முழுப்பெயர், ‘தெருவிலிருந்து, 1905 அக்டோபர் 1’. பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் வரிசையாக ஒப்பிக்கக்கூடிய ரசிகர்கள்கூட இதைக் கேட்டிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மொத்தமே 12 நிமிடங்களுக்கு அப்படி இப்படி. இரண்டே பகுதிகள். ஆனால் ஒரு தெருச் சண்டையும், ஒரு தொழிலாளியின் சாவும், ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறும் இதற்குள் அடங்கியிருக்கின்றன.

இரண்டு மொழி, ஒரு நகரம்

பிர்னோ இன்று செக் குடியரசின் இரண்டாவது பெரிய நகரம். 1905-ல் அது ஆஸ்திரிய – ஹங்கேரியப் பேரரசுக்குள் மொராவியா மாநிலத்தின் தலைநகரம். மொராவியாவில் பெரும்பான்மையோர் செக் மொழி பேசுகிறவர்கள். ஆனால் பிர்னோ நகரத்துக்குள் ஜெர்மன் பேசுவோரின் கை ஓங்கியிருந்தது. நகராட்சி அவர்களிடம் இருந்தது. ஆலைகளும் பெரும்பாலும் அவர்களிடமே. செக் மக்களோ சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து அந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள்.

பள்ளிப்படிப்பு முடித்த செக் இளைஞன் தன் மொழியில் பல்கலைக்கழகப் படிப்பு படிக்க வேண்டுமானால் பிராக் நகரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இருந்த பழைய பல்கலைக்கழகம் 1882-ல் செக், ஜெர்மன் என இரண்டாகப் பிரிந்திருந்தது. மொராவியாவின் ஓலோமோட்ஸில் இருந்த பல்கலைக்கழகத்தை 1860-லேயே மூடிவிட்டார்கள். பிர்னோவில் செக் மொழித் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று 1899-ல் வந்தது. முழுப் பல்கலைக்கழகம் வரவில்லை. அது வேண்டும் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் தோமாஷ் மசாரிக். பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானவர்.

பல்கலைக்கழகம் என்றால் வகுப்பறை மட்டும் இல்லையே. வழக்கறிஞர், மருத்துவர், அதிகாரி எல்லாம் அங்கிருந்துதான் வருவார்கள். நாளை நகரம் யார் கைக்குப் போகும் என்பது அதில் இருந்தது. ஆகவேதான் பிர்னோவின் ஜெர்மன் தரப்பு அதை மூர்க்கமாக எதிர்த்தது. எதிர்ப்பைக் காட்டப் பெரும் மக்கள் கூட்டம் ஒன்றுக்கு அழைப்பு விடுத்தது. நாள்: 1905 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. செக் தரப்பு சும்மா இருக்குமா? அவர்களும் அதே நாளில் திரண்டார்கள்.

கைகலப்பு மூண்டது. ராணுவம் வரவழைக்கப்பட்டது. அந்தக் கலவரத்தில், செக் மக்களின் பண்பாட்டு மையமான பெசெட்னி டூம் கட்டடத்தருகே ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனைக் கத்தி ஓர் இளைஞனின் உடலில் பாய்ந்தது. அவன் பெயர் ஃபிரான்டிஷெக் பாவ்லீக். தச்சுத் தொழிலாளி. வயது 20.

பல்கலைக்கழகம் வந்திருந்தாலும் பாவ்லீக் அதில் படித்திருக்கப்போவதில்லை. யானாச்செக்கின் மனத்தைத் தைத்தது அதுதான்.

பேச்சைச் சுரமாக்கியவர்

யானாச்செக்குக்கு அப்போது வயது 51. பிர்னோவில் 1881-ல் அவர் தொடங்கிய ஆர்கன் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். பெசெட்னி டூம் அவருக்கு வீடு மாதிரி. வியன்னாவின் புகழ்பெற்ற மூசிக்ஃபெரைன் அரங்கைக் கட்டிய தியோஃபில் ஹான்சன் வடிவமைத்த கட்டடம் அது. அங்கே யானாச்செக் பல ஆண்டுகள் கச்சேரிகளை நடத்தியிருக்கிறார். பாவ்லீக் விழுந்த இடத்தின் படிக்கட்டுகள் அவர் கால் பழகியவை.

அவருடைய செக் பற்று ஊரறிந்தது. இத்தனைக்கும் அவர் மனைவி ஸ்டென்கா ஜெர்மன் பேசும் சூழலில் வளர்ந்தவர். ஊரில் நடந்த மொழிச் சண்டை அந்த வீட்டு வாசலோடு நின்றிருக்க வாய்ப்பில்லை.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. சந்தையில் பேரம் பேசும் பெண், தெருவில் கூப்பிடும் சிறுவன், குரைக்கும் நாய் என எந்தக் குரல் காதில் விழுந்தாலும் அதன் ஏற்ற இறக்கத்தைச் சுரக்குறிப்பாக ஒரு கைப்புத்தகத்தில் எழுதிவைப்பார். 1903-ல் மகள் ஓல்கா 20 வயதில் நோயில் இறந்துகொண்டிருந்தபோது அவள் கடைசிச் சொற்களையும் அப்படியே எழுதினார். கல்நெஞ்சம் என்று தோன்றலாம். அவருக்கு அது உயிரைப் பிடித்துவைக்கும் வழி. ஒரு மனிதன் பேசும் மெட்டில்தான் அவன் மனம் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார்.

ஓல்கா இறந்து இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. அவளுக்குக் காணிக்கையாக்கிய ‘யெனூஃபா’ ஆபரா 1904-ல் பிர்னோவில் அரங்கேறியிருந்தது. பிராக் அதை இன்னும் ஏற்கவில்லை. அந்த மனநிலையில்தான் அவள் வயதே ஆன இன்னொரு பிள்ளையின் சாவு தெருவில் நடந்தது. யானாச்செக் பியானோ முன் உட்கார்ந்தார்.

நெருப்பு, பிறகு தண்ணீர்

மூன்று பகுதிகள் எழுதினார். முதலாவது ‘முன்னுணர்வு’. இரண்டாவது ‘மரணம்’; தொடக்கத்தில் அதற்கு ‘இரங்கல்’ என்று பெயர். மூன்றாவது ஓர் இறுதி ஊர்வல இசை. அரங்கேற்றம் 1906 ஜனவரி 27 அன்று பிர்னோவில். வாசிக்க வேண்டியவர் லுட்மிலா துச்கோவா.

அரங்கேற்றத்துக்குச் சற்று முன்பு யானாச்செக்கின் மனம் மாறியது. மூன்றாம் பகுதியின் தாள்களை எடுத்து நெருப்பில் போட்டுவிட்டார். துச்கோவா மிச்சம் இருந்த இரண்டை மட்டுமே வாசித்தார்.

அதோடும் ஆத்திரம் தணியவில்லை. பிறகு பிராகில் இருந்தபோது, மீதி இரண்டு பகுதிகளின் கையெழுத்துப் பிரதியையும் வல்தாவா ஆற்றில் வீசினார். தாள்கள் உடனே மூழ்க மறுத்து, உப்பிக்கொண்டு, வெள்ளை அன்னங்களைப் போல மிதந்து போயின என்று பிற்பாடு அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது. எறிந்தபோது இல்லை.

ஏன் அழித்தார்? தன் படைப்பின் மீது அவருக்கு எப்போதுமே இரக்கம் குறைவு. யெனூஃபாவைப் பிராக் ஒதுக்கிய காலம் வேறு. அந்தத் தொழிலாளிக்குச் செலுத்திய மரியாதை போதாது என்ற குறுகுறுப்பும் இருந்திருக்கலாம். சில மாதங்களிலேயே அவர் பியானோவை விட்டு ஆண்கள் சேர்ந்திசைக்குத் திரும்பியதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. சிலேசியச் சுரங்கப் பகுதி மக்களின் துயரத்தைப் பாடிய பெட்ர் பெஸ்ருச்சின் கவிதைகளை எடுத்துக்கொண்டு, 1906 முதல் 1909 வரை மூன்று பெரும் சேர்ந்திசைகளை எழுதினார். தெருவின் கோபத்தைச் சொல்ல ஒரு பியானோ பத்தாது, ஒரு கூட்டத்தின் குரல் வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார் போலும்.

அந்த முடிவுக்குத் துச்கோவா உடன்படவில்லை. அவரிடம் இரண்டு பகுதிகளின் படி இருந்தது. 18 ஆண்டுகள் காத்திருந்தார். 1924-ல் யானாச்செக்குக்குப் புகழ் வந்துவிட்டது. யெனூஃபா 1916-ல் பிராகை வென்று பிற நாடுகளுக்கும் போய்விட்டது. இனி அவர் இதை மறுக்க மாட்டார் என்ற நேரத்தில் வெளியே எடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 23-ல் பிராகில் சொனாட்டா மறுபடி அரங்கேறியது, அச்சிலும் வந்தது. அச்சுப் பிரதிக்கு யானாச்செக் ஒரு முன்குறிப்பு எழுதினார். பெசெட்னி டூமின் வெள்ளைப் பளிங்குப் படிகள், ரத்தக் கறையோடு விழும் சாதாரணத் தொழிலாளி பாவ்லீக், உயர்கல்விக்காகக் குரல் கொடுக்க வந்தவனைக் கொன்ற கொடியவர்கள் என்று சில வரிகள். வயது எழுபது ஆனாலும் கோபத்துக்கு வயதாகவில்லை.

எப்படிக் கேட்பது?

சொனாட்டா ஈ ஃபிளாட் மைனரில் அமைந்தது. நம் காதுக்குச் சொல்வதானால் நடபைரவியின் சுர அமைப்பு. ஏழு சுரங்களில் ஐந்து கறுப்புக் கட்டைகளில் விழும். பியானோவுக்காக எழுதுகிறவர்கள் அவ்வளவாகப் போகாத சுருதி இது.

முதல் பகுதியில் இடது கை அலையலையாகப் புரள, அதன் மேல் வலது கையில் ஒரு மெட்டு கிளம்பும். ஏக்கமான, எளிய மெட்டு. சில நொடிகள்தான். திடீரென்று, சிறியதும் கூரியதுமான ஒரு துணுக்கு உரத்து வந்து குறுக்கே விழும். பிறகு மெட்டு தொடரும். துணுக்கு மறுபடி வரும். இனிமையான இரண்டாவது மெட்டு வந்தாலும் நிம்மதி வராது, ஏனென்றால் அந்தத் துணுக்கு எந்த நேரமும் வரலாம் என்று காது எச்சரிக்கையாகிவிட்டிருக்கும். துப்பாக்கிச் சத்தமோ அணிவகுப்பு முரசோ எங்கும் கேட்காது. தெருமுனையில் என்னவோ நடக்கப்போகிறது என்று வயிற்றைப் பிசையும் உணர்வை மட்டும் வைத்தே ஒரு பகுதி முழுவதையும் கட்டியிருக்கிறார்.

இரண்டாம் பகுதியில் வேகம் அடங்கிவிடும். மௌனத்துக்குப் பிறகு சொல்லத் தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியம் போல ஒரு சின்னத் துணுக்கு. அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். சாவு வீட்டில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பேச்சைச் சுரமாக்கும் அவரது பழக்கம் இங்கே பலித்திருக்கிறது. நடுவில் இடது கை பரபரவென்று ஓடத் தொடங்கும். அதே துணுக்கு வீங்கிப் பெருத்து அலறலாக மாறும். அப்புறம் அடங்கி, தொடங்கிய இடத்துக்கே வந்து அணைந்துபோகும்.

சொனாட்டா அவ்வளவுதான். கைதட்டல் வாங்கித் தரும் மூன்றாம் பகுதி கிடையாது. கச்சேரிகளில் இது அதிகம் ஒலிக்காததற்கு இதுவே முக்கியக் காரணம். பியானோ கலைஞரின் விரல் வித்தையைக் காட்ட இடமில்லை. நிறைவு விருந்தாக வைக்க முடியாது. தொடக்கத்தில் வைத்தால் அடுத்ததைக் கேட்க யாருக்கும் மனம் வராது. யானாச்செக் என்றால் ஆபரா என்ற பொது எண்ணமும் சேர்ந்து இதை ஓரத்தில் ஒதுக்கிவிட்டது.

ஆனால், குறையாகத் தெரியும் அந்த இடத்தில்தான் இதன் பலமே இருக்கிறது என்பேன். இறுதி ஊர்வல இசை என்றால் என்ன? கூட்டம் சேர்ந்து நடக்கும். தியாகி என்று பெயர் கிடைக்கும். துக்கத்துக்கு ஒரு தாளம் கிடைக்கும். பீத்தோவனும் ஷோப்பெனும் தங்கள் சொனாட்டாக்களில் அப்படிப்பட்ட ஊர்வலங்களை நடத்திக் காட்டியவர்கள். யானாச்செக் எரித்ததற்கு அவர் நினைத்த காரணம் எதுவாகவும் இருக்கட்டும். எரிந்தபின் மிஞ்சியது, ஆறுதல் சொல்லாத ஒரு சொனாட்டா. வரப்போவதன் பயம், வந்ததன் வலி, அதோடு சரி. இருபது வயதில் குத்துப்பட்டுச் செத்தவனைப் பற்றி இதைவிட நேர்மையாகப் பேசிய இசை குறைவு. எரித்தது சரி, ஆற்றில் எறிந்தது தப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இசையமைத்தவர் அல்ல, வாசித்தவர்.

கேட்க விரும்புகிறவர்கள் ருடால்ஃப் ஃபிர்குஷ்னியின் ஒலிப்பதிவிலிருந்து தொடங்கலாம். சிறுவனாக பிர்னோவில் யானாச்செக்கிடமே பாடம் கற்றவர் அவர். அடுத்து ஆண்ட்ராஷ் ஷிஃப்.

பாவ்லீக் கேட்ட பல்கலைக்கழகம்? பேரரசு விழுந்த மறு ஆண்டே, 1919-ல், பிர்னோவில் தொடங்கியது. மசாரிக்கின் பெயரையே அதற்கு வைத்தார்கள். சொனாட்டா பிராகில் மறுபிறவி எடுத்த இரண்டு மாதத்தில், 1925 ஜனவரியில், அந்தப் பல்கலைக்கழகம் தன் முதல் கௌரவ டாக்டர் பட்டத்தை யானாச்செக்குக்கு வழங்கியது. பட்டங்களுக்கு மயங்குகிற மனிதர் இல்லை அவர். ஆனால் அதற்குப் பிறகு தன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக் கையெழுத்திடத் தொடங்கினார்.

அடுத்த வாரம்: 1781 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வியன்னா அரண்மனையில் பேரரசர் முன்னிலையில் மொசார்ட்டோடு மோதிய கிளெமென்டி. அன்றைய போட்டியில் ஜெயித்தது யார்?

(தொடரும்)