சவப்பெட்டியும் சொந்த மண்ணும்

நூதனசாலைகளில் எகிப்தியச் சவப்பெட்டிகளின் முன் நிற்கும்போது நமது கண் முதலில் பொன்னில்தான் படுகிறது. அந்த முகங்களுக்கு ஒரு வேலை இருந்தது. உடல் சிதைந்தாலும் உயிர் தன் முகத்தை அடையாளம் கண்டு திரும்பவேண்டும். அதற்காகவே மரத்தில் செதுக்கினார்கள். துணியையும் சாந்தையும் படைபடையாக ஒட்டி முகமூடி செய்தார்கள். மத்திய இராச்சியக் காலத்துப் பெட்டிகளின் பக்கப்பலகையில் இரு கண்களை வரைந்தார்கள். உள்ளே இடப்பக்கம் சரித்துக் கிடத்தப்பட்டவர் அவற்றினூடாகச் சூரியன் எழுவதைப் பார்ப்பார் என்பது நம்பிக்கை.

ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழைமையுடைய சினுஹேயின் கதை நமக்கு நெருக்கமானது. அரசன் இறந்த செய்தி கேட்டு அஞ்சி ஓடியவன் அவன். சிரியப் பக்கத்தில் மனைவி, மக்கள், நிலம் எல்லாம் கிடைத்தன. முதுமையில் அவன் மன்றாடியது பிறந்த மண்ணில் அடக்கமாவதற்கே. புதிய அரசன் முதலாம் செனுஸ்ரெட் அவனைத் திரும்பி வரும்படி கடிதம் எழுதினான். அந்நிய மண்ணில் ஆட்டுத்தோலில் சுற்றிப் புதைபடாமல், பொற்பெட்டியில் அடங்கலாம் என்று உறுதி கூறினான்.

பெட்டிகளும் நாடு கடந்திருக்கின்றன. நெஜெமாங்க் என்ற பூசாரியின் பொன்பூசிய பெட்டி 2011இல் எகிப்தில் களவாடப்பட்டது. 2017இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை அதை விலைக்கு வாங்கியது. களவு தெரியவந்தபின், 2019இல் எகிப்துக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

சினுஹேக்குக் கடிதம் வந்தது. நம் முதியவர்கள் பலர் அப்படியொரு கடிதம் வராமலே இந்தக் குளிர்மண்ணில் அடங்கிவிட்டார்கள்.