சென்னையில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் எங்கே போவது?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "டீச்சர், டிசம்பர் லீவுக்குப் பிள்ளைங்களோட சென்னை வரேன். நல்ல கச்சேரி கேக்கணும், டான்ஸ் பாக்கணும். எங்க போகட்டும்?" என்றாள். நாலு சபா பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியை நூறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், விஷயம் தெரிந்தவர்கள் ஜார்ஜ் டவுனைக் கை காட்டியிருப்பார்கள். அங்கேதான் வீணை தனம்மாள் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீணையோடு உட்கார்ந்தால், பெரிய வித்வான்களே வந்து கேட்பார்கள். மைக் கிடையாது. டிக்கெட் கிடையாது. ஆனால் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வீட்டு வாசல் தெரியும்.

மற்றவர்களுக்குக் கல்யாண வீடும் கோயில் உற்சவமும்தான். நாதஸ்வரம் தெருவில் வரும், நின்று கேட்கலாம். ஆனால் சாமி எல்லாத் தெருவுக்கும் வந்ததில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நாட்டியம், கோயிலிலும் பெரிய இடத்துக் கல்யாணங்களிலும் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் ஆடியது.

பிறகு சபாக்கள் வந்தன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900ல் தொடங்கியது. 1927ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928ல் தொடங்கிய மியூசிக் அகாடமி. ஜமீன்தார் தயவு, மிராசுதார் தயவு என்றிருந்த கலைஞர், சந்தாவையும் டிக்கெட்டையும் நம்பி வாழ முடிந்தது. காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம் என்றும் ஆயிற்று. பெரிய மாற்றம்தான். காசு இல்லாதவருக்கு மட்டும் அதுவும் ஒரு பூட்டு.

நாட்டியத்தின் கதை இன்னும் சிக்கல். தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடிய காலம். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமை தீர வேண்டும் என்றார். அந்த முறையோடு கலையும் சேர்ந்து அழியக் கூடாது என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் வாதாடினார். அவரே பெண் வேடமிட்டு ஆடியவர். 1931ல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை அகாடமி மேடையேற்றியபோது கூட்டம் கொஞ்சம்தான். 1933 ஜனவரியில் அவர்களே மறுபடி ஆடியபோது நல்ல கூட்டம். அதே வருடம் பாலசரஸ்வதியும் அகாடமிக்காக ஆடினார். அவர் யார்? தனம்மாளின் பேத்தி! வீட்டுக்குள் இருந்த கலை ஒரே குடும்பத்தின் வழியாக மேடைக்கு வந்ததைப் பாருங்கள்.

1935ல் அடையாறில் ருக்மிணி தேவி ஆடினார். 1936ல் கலாக்ஷேத்ரா உருவாயிற்று. வசதியான குடும்பத்துப் பெண்கள் சலங்கை கட்டத் தொடங்கினார்கள். 1947ல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்தது. நியாயமான சட்டம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பங்களில் பல, புது மேடைகளில் இடம் கிடைக்காமல் ஒதுங்கின. பாலசரஸ்வதிக்கு 1973ல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள், நடனத்தில் அதைப் பெற்ற முதல் கலைஞர் அவர்தான். அவரைப் போல மேடையில் நிலைத்தவர்கள் மிகச் சிலரே.

மேடையேறியும் தமிழுக்கு இடம் குறைவு என்ற குறை வேறு. தெலுங்கும் சமஸ்கிருதமுமே கச்சேரியை நிறைத்தன. அந்தச் சண்டையின் பலன்தான் ராஜா அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கமும், பின்னால் பாரிமுனை பக்கம் எழுந்த ராஜா அண்ணாமலை மன்றமும்.

இப்போது தூக்கம் வராத காரணம். நான் வடசென்னையில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு டிசம்பரில், மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை என்று கேள்விப்பட்டு, பன்னிரண்டு பிள்ளைகளை இரண்டு பஸ் மாறி ஒரு சபாவுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் இருந்தவர் பிள்ளைகளின் காலைப் பார்த்தார். பாதிப் பேருக்குச் செருப்பு இல்லை. "இதெல்லாம் உக்காந்து கேக்காதும்மா, சத்தம் போடும்" என்றார். உள்ளே நாற்காலிகள் காலியாக இருந்தது எனக்குத் தெரிந்தது. நான் சண்டை போடவில்லை. திரும்பிவிட்டோம். போன் செய்தவள் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி.

அதற்குப் பிறகு ஊர் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2007ல் சென்னை சங்கமம் வந்தது. பறையும் கரகமும் ஒயிலும் பூங்காவிலும் கடற்கரையிலும் டிக்கெட் இல்லாமல்! இடையில் நின்று, 2023ல் திரும்பியது. 2015ல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசையும் பறையும் ஒரே விழாவில் ஒலித்தன. 2017ல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரமாக அறிவித்தது. 2020ல் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, கானாவை டிசம்பர் மேடைக்குக் கொண்டுவந்தது.

நேற்று அவளுக்கு நானே போன் செய்தேன். "தமிழிசை விழாவுக்குப் பிள்ளைங்களை அண்ணாமலை மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போ. பகல் கச்சேரி நிறைய சபாவுல இலவசம்தான், தைரியமா உள்ள போய் முன்னாடி உக்காரு. பொங்கல் வரைக்கும் இருந்தா சங்கமத்துக்கும் போ. அங்க பறை அடிக்கும்போது பிள்ளைங்களும் சேர்ந்து ஆடலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீங்களும் வாங்க டீச்சர். அன்னிக்குக் கேக்காத கச்சேரி பாக்கி இருக்கு" என்றாள்.

போகப் போகிறேன்.